கம்பி, காந்தம், கடற்காற்று

மின்கிட்டாரில் பாடுவது கம்பி. மரம் அதைத் தாங்கிப் பிடிக்கிறது, அவ்வளவுதான். சாதாரணக் கிட்டாரில் கம்பியின் அதிர்வைக் குதிரை வாங்கி மேற்பலகைக்குக் கொடுக்கிறது. பலகையும் உள்ளிருக்கும் காற்றும் சேர்ந்து அதைப் பெரிதாக்கி அறைக்குள் அனுப்புகின்றன. வீணையின் குடம் செய்வதும் இந்த வேலையைத்தான். மின்கிட்டாருக்குக் குடம் கிடையாது. ஒரு தடித்த மரக்கட்டை, அதன் மேல் ஆறு எஃகுக் கம்பிகள், கம்பிகளுக்கு அடியில் காந்தமும் செப்புக் கம்பிச் சுருளும் கொண்ட ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்குப் பெயர் பிக்கப்.

1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல்தான் இதன் அடிப்படை. காந்தத்துக்கு அருகில் இருக்கும் எஃகுக் கம்பி தானும் சற்றே காந்தமாகிறது. அது அதிரும்போது சுருளின் ஊடே செல்லும் காந்தப்பாயம் கூடிக் குறைகிறது. சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு அளவே வரும் அந்த மின்னழுத்தத்தை ஆம்ப் பெருக்கி ஸ்பீக்கருக்குத் தருகிறது. ஒரு சாதாரண பிக்கப்பில் ஏறத்தாழ 8,000 சுற்று இருக்கும். தலைமயிர் தடிமனே உள்ள அந்தச் செப்பு இழையைப் பிரித்து நீட்டினால் மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில் குளத்திலிருந்து சாந்தோம் கடற்கரை வரை எட்டும்.

குடம் இல்லாததில் வீட்டு வாசிப்பாளருக்கு ஒரு லாபம் உண்டு. தி.நகரில் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில், சுவருக்கு அந்தப்புறம் பத்தாம் வகுப்புப் பிள்ளை படித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், சாதாரணக் கிட்டாரை மெதுவாக வாசிப்பது கடினம். மின்கிட்டாரை ஆம்பில் செருகாமல் வாசித்தால் அடுத்த அறைக்கே கேட்காது. ஆம்பின் வழியே ஹெட்ஃபோனில் கேட்டால் வாசிப்பவருக்கு மட்டும் முழு ஒலி. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணிக்கு மேல் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. பேச்சுச் சத்தமே ஏறத்தாழ 60 டெசிபல் என்பதை நினைத்தால், இரவு வாசிப்புக்கு ஏற்ற கிட்டார் எது என்பதில் குழப்பம் இருக்காது.

கடைக்குப் போகும் பலரும் முதலில் கேட்பது மரத்தைப் பற்றி: மஹோகனியா, ஆல்டரா, மேப்பிளா என்று. இந்தக் கேள்விக்கு அவ்வளவு முதன்மை தேவையில்லை. ஜார்ஜ் போஷாம்ப் வடிவமைத்து 1932-ல் விற்பனைக்கு வந்த முதல் மின்கிட்டாரின் உடலில் மரமே கிடையாது. அது வார்ப்பு அலுமினியம். வடிவத்தைப் பார்த்து வாணலி என்றே பெயர் வைத்தார்கள். பிக்கப்புக்கு மரத்தின் குரல் கேட்காது. எஃகின் அசைவு மட்டுமே தெரியும். மரத்தின் விறைப்பு கம்பியின் அதிர்வு எவ்வளவு நேரம் நிற்கும் என்பதைச் சிறிது மாற்றலாம். ஆனால் பிக்கப்பை ஓரங்குலம் நகர்த்தினால் வரும் மாற்றத்தின் முன் அது கொசுறு.

பிக்கப்பின் இடம் ஏன் அவ்வளவு முக்கியம்? கம்பி ஒரே நேரத்தில் பல விதமாக அதிர்கிறது: முழு நீளமும் ஒரே வளைவாக, இரண்டு பாதியாக, மூன்று பங்காக, நான்கு பங்காக. குதிரைக்குப் பக்கத்தில் முழு வளைவின் அசைவு மிகக் குறைவு. சிறு பங்குகளின் அசைவு ஒப்பீட்டில் அதிகம். அதனால் அங்குள்ள பிக்கப் கூர்மையாக, கொஞ்சம் கீச்சென்று ஒலிக்கும். கழுத்துப் பக்கம் உள்ளது உருண்டு ஒலிக்கும். பல கிட்டார்களில் கழுத்துப் பிக்கப், கம்பியின் நீளத்தில் கால் பங்கு இருக்கும் இடத்தை ஒட்டி அமைகிறது. நான்கு பங்காக அதிரும்போது அந்தப் புள்ளி அசைவதில்லை. எனவே திறந்த கம்பியில் அந்த நான்கு பங்கு அதிர்வின் மேற்சுரம் ஏறக்குறைய மறைந்துபோகிறது. ஒரே கம்பி, ஒரே விரல். சுவிட்சைத் தள்ளினால் வேறொரு வாத்தியம்.

பிக்கப்பில் இரண்டு பெரிய குடும்பங்கள் உள்ளன. ஒற்றைச் சுருள் கொண்டது சிங்கிள் காயில். 1950-களின் தொடக்கத்தில் ஃபெண்டர் நிறுவனம் கொண்டுவந்த டெலிகாஸ்டரும் 1954-ல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரும் இந்த வகை. மற்றது ஹம்பக்கர், கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் உருவாக்கியது, 1957 முதல் லெஸ் பால் கிட்டார்களில் பொருத்தப்பட்டது. பெயரே வேலையைச் சொல்கிறது: ஹம் என்னும் முரலலை முறியடிப்பது. சென்னை வீட்டுக்குக் கிட்டார் வாங்குபவர் அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இதுதான்.

வீட்டுச் சுவருக்குள் ஓடும் 230 வோல்ட் மின்சாரம் நொடிக்கு 100 முறை திசை மாறி, 50 முழுச் சுழற்சிகளை முடிக்கிறது. குளிர்சாதனப் பெட்டி, பழைய டியூப் லைட்டின் சோக், ஸ்டெபிலைசர், இன்வெர்ட்டரின் டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் தம்மைச் சுற்றி 50 ஹெர்ட்ஸில் துடிக்கும் காந்தப்புலத்தைப் பரப்புகின்றன. 8,000 சுற்றுச் சுருளுக்குக் கம்பியின் அசைவும் டிரான்ஸ்ஃபார்மரின் துடிப்பும் ஒன்றுதான். இரண்டையும் மின்னழுத்தமாக்கி அனுப்பிவிடும். சிங்கிள் காயில் கிட்டாரைக் கையில் வைத்துக்கொண்டு மெல்லத் திரும்பினால் ஒரு திசையில் முரலல் உச்சத்துக்குப் போகும், இன்னொரு திசையில் அடங்கும். புலம் சுருளுக்குள் எந்தக் கோணத்தில் நுழைகிறது என்பதே காரணம்.

ஹம்பக்கரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சுருள்கள். இரண்டின் சுற்றும் எதிரெதிர். காந்த முனைகளும் எதிரெதிர். வெளியிலிருந்து வரும் முரலலுக்கு முனை ஒரு பொருட்டில்லை. சுற்று மட்டும் எதிர் என்பதால் இரண்டு சுருளின் முரலலும் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. கம்பியின் அசைவுக்கோ சுற்றும் முனையும் இரண்டுமே தலைகீழ். எதிர்மறையும் எதிர்மறையும் சேர்ந்து நேராகி, ஒலி கூடுகிறது. பள்ளிக் கணக்கின் மைனஸ் இன்டு மைனஸ் இசைக்கு இவ்வளவு உதவிய இடம் வேறு இல்லை. இதற்கு ஒரு விலையும் உண்டு. சுருளின் தூண்டமும் கேபிளின் மின்தேக்கமும் சேர்ந்து ஓர் ஒத்ததிர்வை உண்டாக்குகின்றன. சிங்கிள் காயிலில் அது சுமார் 4,500 ஹெர்ட்ஸில் விழும். ஹம்பக்கரில் தூண்டம் அதிகம் என்பதால் 3,400-ஐ ஒட்டி இறங்கிவிடும். சிங்கிள் காயிலின் கணீர் என்ற துலக்கமும் ஹம்பக்கரின் தடித்த குரலும் இந்த ஆயிரம் ஹெர்ட்ஸ் வித்தியாசத்தில்தான் பிறக்கின்றன. கேபிளை நீட்டினால் மின்தேக்கம் கூடி இந்த உச்சம் இன்னும் கீழே வரும். வீட்டில் வாசிப்பவருக்கு மூன்று மீட்டர் கேபிள் போதும் என்பதற்கு இயற்பியலும் துணை நிற்கிறது.

முரலல் வேறு, இரைச்சல் வேறு. மின்விசிறியின் திருகு ரெகுலேட்டர் ட்ரையாக் என்னும் சில்லால் ஆனது. மின்னலையை நொடிக்கு நூறு முறை நறுக்குகிறது. நறுக்கிய விளிம்பு ஒவ்வொன்றும் கிட்டாரின் உள்வயர்களில் சர்ரென்று ஏறும். ஒன்று, இரண்டு, மூன்று என்று படிப்படியாகத் திரும்பும் மின்தேக்கி வகை ரெகுலேட்டர் அப்படிச் செய்வதில்லை. மின்வெட்டின்போது ஓடும் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் இன்னும் மோசம்: 50 ஹெர்ட்ஸோடு 150, 250, 350 என்று ஒற்றைப்படை மடங்குகள் அனைத்தையும் சேர்த்து ஊற்றும். சைன் வேவ் இன்வெர்ட்டரில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. உள்வயர்களில் ஏறும் இரைச்சலை ஹம்பக்கர் முழுதும் தடுக்காது. கிட்டாரின் உட்குழியில் செப்புத் தகடு ஒட்டி அதை எர்த்தோடு இணைப்பதே மருந்து. தகடும் ஈயமும் சாலிடரிங் கம்பியும் ரிச்சி தெருவில் கிடைக்கும், வேலை அரைநாள்.

எர்த் பற்றி ஒன்று. மின்கிட்டாரின் கம்பிகள் குதிரை வழியாக ஆம்பின் எர்த்தோடு இணைக்கப்பட்டிருக்கின்றன. கம்பியைத் தொட்டவுடன் இரைச்சல் குறைவது அதனால்தான். மயிலாப்பூரின் பழைய வீடுகள் சிலவற்றில் மூன்று துளை பிளக் பாயின்ட் இருக்கும். மூன்றாவது துளைக்குப் பின்னால் வயர் இருக்காது. அத்தகைய இடத்தில் ஆம்பில் கசிவு ஏற்பட்டால் அது வாசிப்பவரின் விரல் வழியாகத் தரையைத் தேடும். கிட்டார் வாங்கும் முன் ஓர் எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதிப்பதும், 30 மில்லி ஆம்பியர் கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பார்ப்பதும் தவிர்க்கக் கூடாதவை.

அடுத்தது கை. கம்பியின் இழுவிசை மூன்றைப் பொறுத்தது: கம்பியின் எடை, நீளம், சுருதி. நீளமும் சுருதியும் வர்க்கத்தில் வருகின்றன. ஃபெண்டர் வகையில் கழுத்து முனையின் மேருவிலிருந்து குதிரை வரை 648 மி.மீ.; கிப்சன் வகையில் சுமார் 628. இரண்டு சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் அதே கம்பி, அதே சுருதியில் கிப்சன் நீளத்தில் ஏறத்தாழ 6 சதவீதம் தளர்வாக இருக்கும். தடிமன் இன்னும் பெரிய வேலை செய்கிறது. 648 மி.மீ. கிட்டாரில், ஒன்பதாம் எண் செட்டின் மிக மெல்லிய கம்பி, அதாவது 0.23 மி.மீ. தடிமன் கொண்டது, 329.6 ஹெர்ட்ஸ் சுருதியில் 6 கிலோ எடையின் இழுப்பைத் தாங்கி நிற்கும். பத்தாம் எண் செட்டில் அது 7.4 கிலோ. சாதாரணக் கிட்டாரில் வழக்கமான பன்னிரண்டாம் எண் கம்பியில் 10.7 கிலோ. விரல் நுனி கொப்புளித்துக் கிட்டாரைப் பரணில் ஏற்றிய எத்தனையோ பேருக்கு வில்லன் இந்த எண்தான்.

சென்னையில் இந்த இழுவிசைக் கணக்குக்கு இன்னொரு முகமும் உண்டு: கமகம். வீணையில் கம்பியை மெட்டின் மேல் பக்கவாட்டில் இழுத்து ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவதுபோல, மின்கிட்டாரிலும் போகலாம். ஒரு முழுச்சுரம் ஏற அதிர்வெண் 12 சதவீதம் கூட வேண்டும். இழுவிசை 26 சதவீதம் கூட வேண்டும். கம்பி மெல்லியதாகவும் நீளம் குறைவாகவும் இருந்தால் அந்த 26 சதவீதம் விரலுக்கு எட்டும். 1981-ல் சென்னை மேடையில் சிறுவனாக அறிமுகமான யு. ஸ்ரீநிவாஸ், மாண்டலினின் இரட்டைக் கம்பிகளை விட்டு ஐந்து ஒற்றைக் கம்பிகள் கொண்ட மின்மாண்டலினுக்கு மாறியதன் பின்னால் இந்த இயற்பியல் இருக்கிறது: இரட்டைக் கம்பியைச் சேர்த்து இழுப்பது பாடு, மின்பெருக்கம் இல்லாத மாண்டலினில் இழுத்து முடிப்பதற்குள் நாதம் செத்துவிடும். மின்கிட்டாரில் கர்நாடக இசையை வாசித்த சுகுமார் பிரசாத்தும் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த ஆர். பிரசன்னாவும் அதே நீடித்த நாதத்தைக் கமகத்துக்குப் பயன்படுத்தினார்கள்.

இழுத்து வாசிப்பவருக்குக் குதிரையின் வகையும் முக்கியம். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையில் குதிரை ஸ்பிரிங்கில் நிற்கிறது; கம்பிகளின் மொத்த இழுவிசையும் பின்புற ஸ்பிரிங்கும் தராசுத் தட்டுபோல் சமன் செய்துகொள்கின்றன. ஒரு கம்பியை இழுத்தால் தராசு சாயும். மற்ற ஐந்தும் சுருதி இறங்கும். ஒரு கம்பி அறுந்தால் மீதி எல்லாம் ஏறிவிடும். மேல்நாட்டு ராக் இசையில் அந்தக் குதிரையில் செருகிய கைப்பிடியை அமுக்கி ஊளையிட வைப்பது அழகுதான். மோகனத்தை நிதானமாக இழைக்க நினைப்பவருக்கு நிலையான குதிரையே நல்லது. ஸ்பிரிங் குதிரை உள்ள கிட்டாரே பிடித்துப்போனால், ஸ்பிரிங்கை இறுக்கிக் குதிரையை உடலோடு படிய வைத்துவிடலாம். ஒரு ஸ்க்ரூடிரைவர் வேலை.

பிக்கப், கம்பி நீளம், குதிரை மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் விடை ஓரளவு தெளிகிறது. குட்டையான நீளம், ஹம்பக்கர், நிலையான குதிரை மூன்றும் சேர்ந்து கிடைப்பது கிப்சனின் லெஸ் பால், எஸ்.ஜி. வடிவங்களில். லெஸ் பால் 4 கிலோவைத் தொடும், எஸ்.ஜி. அதைவிட இலேசு. ஒரு குறை: இரண்டிலும் தலைப்பகுதி பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், கீழே விழுந்தால் கழுத்து அந்த இடத்தில் முறியும். குழந்தைகள் ஓடும் வீட்டில் சுவரில் மாட்டுவது உத்தமம். துலக்கமான ஒலியையும் விட மனமில்லாதவருக்கு, குதிரைப் பக்கம் ஹம்பக்கரும் மற்ற இரண்டு இடங்களில் சிங்கிள் காயிலும் கொண்ட கிட்டார் பொருந்தும். யமஹாவின் பசிஃபிகா வரிசையில் பல இந்த அமைப்பே. டெலிகாஸ்டர் நிலையான குதிரை கொண்ட எளிமையான, கிட்டத்தட்ட கெடவே கெடாத கிட்டார்; முரலலோடு வாழத் தெரிந்தவருக்கு உரியது. மூலக் கம்பெனிகளின் விலை எட்டாதவர்களுக்காக ஃபெண்டர் ஸ்க்வயர் என்ற பெயரிலும், கிப்சன் எபிஃபோன் என்ற பெயரிலும் அதே வடிவங்களை விற்கின்றன. இயற்பியல் இரண்டுக்கும் ஒன்றே.

மரம் ஒலிக்கு முக்கியமில்லை என்றாலும் உடம்புக்கு முக்கியம். பல கிட்டார்களின் விரல்பலகை மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம். தோதகத்தி என்றும் சொல்வார்கள். 2017 ஜனவரியில் இந்த மரத்தின் பேரினம் முழுதும் உலக வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது கிட்டார் கம்பெனிகள் மாற்று மரம் தேடின. இந்தியன் லாரல் என்ற பெயரில் இன்று பல மலிவு கிட்டார்களில் இருப்பது நம் கருமருது. 2019 இறுதியில் வாத்தியங்களுக்கு விலக்கு கிடைத்துவிட்டது. கருமருது மட்டும் விரல்பலகையில் தங்கிவிட்டது. உறுதியில் குறையில்லை.

கிட்டார் ஆலைகள் காற்றின் ஈரப்பதத்தை 45 முதல் 50 சதவீதத்தில் வைத்து மரத்தை இழைக்கின்றன. சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி அது 65-க்கு மேல். மரம் ஈரத்தைக் குடித்து உப்பும். கழுத்து மெல்ல வளையும். கம்பி மெட்டிலிருந்து விலகும். இரவெல்லாம் ஏ.சி. ஓடும் அறையில் மறுபடி காயும். மெட்டுகளின் ஓரம் விரலைக் கீறும் அளவுக்கு வெளியே நீட்டும். கழுத்துக்குள் ஓர் எஃகுக் கோல் இருப்பது இதைச் சரிசெய்யத்தான். அதை முடுக்கியோ தளர்த்தியோ வளைவை மாற்றலாம், ஒரு முறைக்குக் கால் திருகுக்கு மேல் வேண்டாம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போதும் கோடையின் தொடக்கத்திலும் பார்த்துக்கொண்டால் போதும்.

கம்பிக்கு எதிரி உப்பு. சோடியம் குளோரைடுக்கு ஒரு விந்தையான குணம்: காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது தானே நீரை இழுத்துக் கரைந்துவிடும். பெசன்ட் நகரிலும் சாந்தோமிலும் இரவுக் காற்று அந்த எல்லையை அடிக்கடி தாண்டும். கடற்காற்று கொண்டுவந்த உப்பும் விரல் வேர்வை விட்டுச்சென்ற உப்பும் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலமாகி, குளோரைடு அயனிகள் எஃகை அரிக்கத் தொடங்கும். துருப்பிடித்த கம்பியின் எடை இடத்துக்கு இடம் மாறும். சுருதி கூடவே கூடாது. வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடிப்பக்கமும் சேர்த்துத் துடைப்பது பாதி மருந்து. பாலிமர் பூசிய கம்பிகள் மீதி. பூசிய செட்டின் விலை அதிகம். அடையாறுக்குக் கிழக்கே அது வீண் செலவில்லை.

சென்னையில் கிட்டாரைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்குவது புதிதல்ல. 1842-ல் மிஸ்க்வித் என்ற பெயரில் தொடங்கிய கடை, மியூசி மியூசிக்கலாக இன்றும் அண்ணா சாலையில் இருக்கிறது. எந்தக் கடையானாலும் சோதனை ஒன்றே. கழுத்தின் இரு ஓரத்தையும் விரலால் தடவி மெட்டு முனை குத்துகிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு மெட்டிலும் ஒருமுறை மீட்ட வேண்டும். ஓரிடத்தில் மட்டும் ஜிர்ரென்றால் அதற்கு அடுத்த மெட்டு உயர்ந்திருக்கிறது. பன்னிரண்டாவது மெட்டு கம்பியின் சரிபாதி. அங்கே இலேசாகத் தொட்டு மீட்டும் ஒலியும் அழுத்தி மீட்டும் ஒலியும் சுருதிமானியில் ஒன்றாகக் காட்ட வேண்டும். வேறுபட்டால் குதிரையில் கம்பியின் நீளத்தைத் திருத்தலாம். அதே மெட்டில் கம்பியின் உயரம் இரண்டு மி.மீ.க்குள் இருந்தால் விரலுக்குச் சுகம். வீணையில் மெட்டு மெழுகின் மேல் நிற்பதால், பிசகினால் மேளம் கட்டித் திருத்தலாம். கிட்டார் மெட்டு மரத்தில் அறைந்த உலோகம். ஆலை செய்த பிழையை வாசிப்பவர் எளிதில் மாற்ற முடியாது. ஆகவே நிறத்தில் மயங்கும் நேரத்தை மெட்டுக்குச் செலவிடலாம். சிங்கிள் காயிலானால் கடையிலேயே ஆம்பைக் கூட்டி முரலலைக் கேட்டுவிட வேண்டும்.

ஆம்ப் கடைசி. இங்கேதான் பணம் வீணாகிறது. மின்திறன் பத்து மடங்கானால் ஒலி பத்து டெசிபல் கூடும். காதுக்கு அது ஏறத்தாழ இருமடங்காகவே தெரியும். நூறு வாட் ஆம்ப் பத்து வாட் ஆம்பைவிட இரண்டு மடங்கு சத்தம், அவ்வளவே. சாதாரண கிட்டார் ஸ்பீக்கர் ஒரு வாட்டிலேயே ஒரு மீட்டர் தூரத்தில் 90 டெசிபலைக் கடக்கும். படுக்கையறைக்கு ஐந்து வாட்டே தாராளம். பத்து வாட்டும் ஹெட்ஃபோன் துளையும் இருந்தால் ஆயுசுக்கும் போதும். கையிருப்பில் மூன்றில் இரண்டு பங்கைக் கிட்டாருக்கும் மீதியை ஆம்ப், கேபிள், சுருதிமானி, கழுத்தும் கம்பியும் சரிசெய்யும் கூலி ஆகியவற்றுக்கும் பிரித்துக்கொண்டால் கணக்கு சரியாக இருக்கும். அந்தக் கூலியைக் கொடுத்துச் சரிசெய்த மலிவு கிட்டார், பெட்டியிலிருந்து எடுத்தபடியே வாசிக்கும் விலையுயர்ந்த கிட்டாரைவிடச் சுருதியில் நிற்கும்.